பண்டிதை ரமாபாய்: பஞ்சம் கண்டவரின் விசுவாசம்

மும்பையிலும் புனேயிலும் குடியிருக்கும் நம்மவர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும்போது கேட்காவ் என்ற ரயில் நிலையத்தைக் கடந்துதான் போகிறோம். புனேயை விட்டு, தவுண்ட் சந்திப்பு வருவதற்கு முன்னால் வரும் சிறிய நிலையம். சென்னை செல்லும் விரைவு வண்டிகள் பெரும்பாலும் அங்கே நிற்பதில்லை. புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கும் மும்முரத்தில் நாமும் கவனிப்பதில்லை. அதே தண்டவாளத்தில் சோலாப்பூர், குண்டக்கல் எல்லாம் தாண்டினால் ரேணிகுண்டா. அங்கிருந்து திருப்பதி கூப்பிடு தூரம். இந்த இரண்டு இடங்களோடும் பண்டிதை ரமாபாயின் வாழ்க்கை பின்னிக் கிடக்கிறது. ஓரிடத்தில் அவர் பட்டினி கிடந்தார். மற்றோரிடத்தில் பட்டினி கிடந்தவர்களுக்குச் சோறு போட்டார்.

1858ல் மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலா என்ற காட்டுப்பகுதியில் பிறந்தவர் ரமாபாய். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே பெரிய சமஸ்கிருத பண்டிதர். பெண்களுக்கு சமஸ்கிருதம் கற்பிக்கக் கூடாது என்றிருந்த காலத்தில் மனைவிக்குக் கற்றுக்கொடுத்தார். மனைவி மகளுக்குக் கற்றுக்கொடுத்தாள். சொத்து கரைந்த பிறகு குடும்பம் தீர்த்த யாத்திரையாக ஊர் ஊராகப் போயிற்று. கோயில்களிலும் குளக்கரைகளிலும் புராணம் வாசித்து, கேட்பவர்கள் தந்ததை வைத்துக் காலம் தள்ளினார்கள்.

நம் வீட்டுப் பெரியவர்கள் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லக் கேட்டிருப்போம். அது 1876ல் வந்தது. இந்தக் குடும்பத்துக்கோ அதற்கு முன்பே பஞ்சம் வந்துவிட்டது. அப்போது அவர்கள் சென்னை மாகாணத்தில் இருந்தார்கள். கையில் இருந்த கடைசிக் காசு, பாத்திரம் எல்லாம் போன பிறகும் பிச்சை கேட்கவோ கூலி வேலைக்குப் போகவோ மனம் வரவில்லை. பண்டிதர் குடும்பம் என்ற மானம் தடுத்தது என்று ரமாபாயே பின்னாளில் எழுதியிருக்கிறார். திருப்பதிப் பக்கத்துக் காட்டுக்குள் போய் அங்கேயே உயிரை விட்டுவிடுவது என்று முடிவு செய்தார்கள். தண்ணீரும் இலைகளும் ஒரு பிடி காட்டு ஈச்சம்பழமுமாகப் பதினொரு நாட்கள் கழிந்தன. 1874ல் தந்தை இறந்தார். சில வாரங்களில் தாயும் போனாள். பாடை தூக்க நாலு பேர் கிடைக்காமல், பதினாறு வயதுப் பெண் தானே ஒரு பக்கம் தாங்க வேண்டியதாயிற்று. உயரம் போதாததால் தலையில் வைத்துச் சுமந்தாள். பின்னர் அக்காளும் இறந்தாள்.

மிஞ்சியவர்கள் அண்ணன் ஸ்ரீநிவாசனும் ரமாவும். இருவரும் நாடு முழுவதும் நாலாயிரம் மைலுக்குக் கால்நடையாகவே அலைந்ததாக அவர் கணக்குச் சொல்கிறார். வடக்கே ஜீலம் நதிக்கரையில் குளிர் தாங்காமல் மணலில் குழி தோண்டி, தலை மட்டும் வெளியே தெரியும்படி உடம்பை மூடிக்கொண்டு படுத்தார்களாம். 1878ல் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்கள். அங்கே காற்று மாறி அடித்தது. பாகவதத்தை மனப்பாடமாகச் சொல்லும் இருபது வயதுப் பெண்ணைக் கண்டு வங்காளத்துப் பண்டிதர்கள் வியந்து, பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டம் தந்தார்கள்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். பசி வந்ததால் மதம் மாறினார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடும் பழக்கம் நம்மிடையே உண்டு. ரமாபாய் விஷயத்தில் வருடங்களைப் பார்த்தாலே அது பொருந்தவில்லை. காட்டில் இலை தின்ற நாட்களில் அவர் கிறிஸ்தவர் ஆகவில்லை. பட்டமும் பாராட்டும் வந்த பிறகுதான் கிறிஸ்தவ வேதம் அவர் கைக்கு வந்தது. அதை ஏற்றுக்கொண்டதால் கிடைத்த மரியாதையில் பெரும்பகுதியை இழந்தார்.

இடையில் துயரம் விட்டபாடில்லை. 1880ல் அண்ணன் இறந்தார். அதே ஆண்டில் விபின் பிஹாரி என்ற வங்காளி வக்கீலை, சாதி கடந்து, பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அஸ்ஸாம் பக்கத்துச் சில்சாரில் குடித்தனம் நடத்தியபோதுதான் லூக்கா சுவிசேஷத்தின் வங்காளிப் பிரதி ஒன்று வீட்டுப் புத்தகங்களுக்கு நடுவே கண்ணில் பட்டது. 1881ல் மனோரமா பிறந்தாள். 1882 பிப்ரவரியில் காலரா கணவரைக் கொண்டுபோயிற்று. கையில் பத்து மாதக் குழந்தையோடு, இருபத்துமூன்று வயதில் விதவை. அந்த நாளில் விதவை என்றால் என்ன நிலைமை என்று விளக்க வேண்டியதில்லை.

புனேக்கு வந்து ஆரிய மகிளா சமாஜத்தைத் தொடங்கினார். பெண்களுக்குப் பெண் மருத்துவர்கள் வேண்டும் என்று ஹண்டர் கமிஷன் முன் சாட்சியம் சொன்னார். தானே மருத்துவம் படிக்க 1883ல் இங்கிலாந்து போனார். காது சரியாகக் கேட்காததால் அந்தப் படிப்பு கைகூடவில்லை. லண்டனில் ஃபுல்ஹம் என்ற பகுதியில், வழிதவறிய பெண்களைக் கன்னியாஸ்திரீகள் அருவருப்பில்லாமல் பராமரிப்பதைப் பார்த்தார். சமுதாயம் ஒதுக்கித் தள்ளும் இந்தப் பெண்களிடம் இவர்களுக்கு ஏன் இந்தப் பரிவு என்று கேட்டபோது, கிணற்றடியில் சமாரியப் பெண்ணோடு இயேசு பேசிய அதிகாரத்தை யோவான் சுவிசேஷத்திலிருந்து வாசித்துக் காட்டினார்களாம். 1883 செப்டம்பரில் வான்டேஜ் ஊரில் தாயும் மகளும் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

ஞானஸ்நானத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று ரமாபாய் எழுதவில்லை. ஆங்கிலக் கன்னியாஸ்திரீகளோடு கடிதத்தில் வருடக்கணக்கில் வாதம் செய்தார். இந்து சாஸ்திரிகளுக்கு அடங்காத தன் மனச்சாட்சி பாதிரியார்களுக்கும் அடங்காது என்பதே அவர் கட்சி. தான் ஏற்றது கிறிஸ்தவ மதத்தை, கிறிஸ்துவை அல்ல என்ற உண்மை எட்டு ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது என்று தன் சாட்சியத்தில் சொல்கிறார். எனக்கு அவர்மேல் நம்பிக்கை வருவது இந்த இடத்தில்தான். அறிவால் ஒப்புக்கொண்டதற்கும் உள்ளத்தால் சார்ந்து நின்றதற்கும் உள்ள வித்தியாசத்தை இவ்வளவு நேர்மையாகச் சொன்னவர்கள் குறைவு.

அமெரிக்காவில் நண்பர்களைச் சேர்த்து, பத்து ஆண்டுகளுக்கு உதவி உறுதி பெற்றுத் திரும்பி, 1889 மார்ச்சில் பம்பாயில் சாரதா சதன் என்ற விதவைகள் பள்ளியைத் திறந்தார். அடுத்த ஆண்டே அது புனேக்கு மாறியது. மதமாற்றப் பள்ளி அல்ல என்பது வாக்கு. ஆனால் அவர் காலையில் கதவைத் திறந்து வைத்து ஜெபிப்பார். விரும்பிய பெண்கள் வந்து உட்காருவார்கள். 1893ல் இது பெரும் சர்ச்சையாயிற்று. திலகரின் கேசரி கடுமையாக எழுதியது. ரானடே, பண்டார்கர் போன்ற நண்பர்களே ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட பெண்களை வீட்டார் அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வீட்டாரின் அச்சத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ரமாபாயும் கதவைச் சாத்தவில்லை.

பிறகு வந்ததுதான் உண்மையான சோதனை. 1896-97ல் மத்திய மாகாணங்களில் பஞ்சம். செய்தியைப் படித்தவருக்குத் திருப்பதிக் காடு நினைவுக்கு வந்தது. பணம் இல்லை, இடம் இல்லை. ஆனாலும் புறப்பட்டார். நிவாரண முகாம்களிலும் சாலையோரங்களிலும் எலும்பும் தோலுமாகக் கிடந்த பெண் குழந்தைகளையும் இளம் விதவைகளையும் திரட்டினார். அப்படி வந்து சேர்ந்தவர்கள் முந்நூறு பேர் அளவில் இருப்பார்கள். புனேயில் அப்போது பிளேக். ஊருக்குள் இத்தனை பேரை வைத்திருக்க அதிகாரிகள் விடவில்லை. பள்ளியின் வருமானத்துக்காகப் பழத்தோட்டம் போட கேட்காவில் வாங்கிப் போட்டிருந்த நிலம்தான் கைகொடுத்தது. அங்கே தற்காலிகக் கொட்டகைகளில் தொடங்கியதுதான் முக்தி. அதே ஆண்டில், பிளேக் முகாம்களில் பெண்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்று பம்பாய் கார்டியன் பத்திரிகைக்குத் துணிந்து எழுதினார். அது லண்டன் நாடாளுமன்றம் வரை பேசப்பட்டது. ஜெபம் செய்கிறவர்கள் வாய் திறக்க மாட்டார்கள் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1898ல் அமெரிக்க உதவியின் பத்து ஆண்டுக் கெடு முடிந்தது. நிரந்தர வருமானம் எதுவும் இல்லாமல், தேவையைக் கடவுளிடம் சொல்லி வாழ்ந்த ஜார்ஜ் முல்லரின் சரித்திரத்தை அவர் படித்திருந்தார். அதே வழியில் நடந்தார். 1900ல் குஜராத்திலும் பஞ்சம். முக்தியில் இருந்தவர்கள் எண்ணிக்கை இரண்டாயிரத்தை நெருங்கியது. இரண்டாயிரம் பேருக்கு நாளைக்கு என்ன சமைப்பது என்ற கவலையோடு படுப்பது எப்படி இருக்கும் என்று குடும்பம் நடத்துகிறவர்கள் நினைத்துப் பார்க்கலாம்.

அங்கே வந்தவர்களை அவர் சும்மா உட்கார வைக்கவில்லை. தறி, தையல், தோட்டவேலை, பால்பண்ணை, எண்ணெய் ஆட்டுதல், அச்சுக்கோப்பு என்று ஆளுக்கொரு தொழில். வேலை செய்யத் தெரியாத மானம் தன் பெற்றோரைக் கொன்றதை அவர் மறக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. பார்வையற்றவர்களுக்கு பார்த்திமி சதன் தனியாக இருந்தது, பிரெயில் கற்பிக்கப்பட்டது. மனோரமா படித்துத் திரும்பித் தாய்க்கு வலது கையாக நின்றாள்.

கடைசி ஆண்டுகளில் ரமாபாய் எடுத்துக்கொண்ட வேலை வேதாகமத்தை மராத்தியில் மொழிபெயர்ப்பது. இருந்த மொழிபெயர்ப்பில் சமஸ்கிருதச் சொற்கள் அதிகம். கிராமத்துப் பெண்களுக்குப் புரியாது. சமஸ்கிருதத்தில் கரை கண்டவரே அந்தச் சொற்களைக் களைய உட்கார்ந்தார். அதற்காக எபிரெயமும் கிரேக்கமும் படித்தார்.

1921 ஜூலையில் மனோரமா இறந்தாள். தனக்குப் பின் முக்தியை நடத்துவாள் என்று எண்ணியிருந்த ஒரே மகள். வயது அறுபத்துமூன்று, காது கேட்காது, உடல் தளர்ந்துவிட்டது. தாய் திரும்பவும் மொழிபெயர்ப்பு மேசைக்குத்தான் போனார். ஒன்பது மாதம் கழித்து, 1922 ஏப்ரல் 5ல் அவரும் காலமானார். வேலையை அதற்குள் முடித்திருந்தார். முழு வேதாகமம் 1924ல் முக்தி அச்சகத்திலேயே வெளிவந்தது. எழுத்துக் கோத்து, அச்சடித்து, கட்டுப் போட்டவர்கள் அங்கே வளர்ந்த பெண்கள்.