மானியமும் பட்டாவும்

'மானியம்' என்ற சொல் நமக்குப் புதியதன்று. கோயில் மானியம், ஏரி மானியம் என்று நம் பாட்டன்மார் வழங்கிய சொல்தான் அது. அந்நாளில் மானியம் என்றால் நிலம். ஊருக்குப் பணி செய்வோர்க்கு வரியின்றி விடப்பட்ட நிலம். இந்நாளில் மானியம் என்றால் பணம். மேலுள்ள அரசு கீழுள்ள அரசுக்கு, திருப்பித் தர வேண்டாம் என்று கொடுக்கும் பணம். பொருள் மாறிவிட்டது. ஆயினும் பழைய உறவு முற்றும் அறவில்லை. இன்றைய மானியப் பணமும் நிலத்தைத் தேடியே செல்கிறது. நிலமில்லாதவன் வாசலில் அது நிற்பதில்லை. இடுக்கி, பாலக்காடு எல்லைப்புறத்து மக்களின் பாதுகாப்பை முன்வைத்து இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் மூணாறு மலையிலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். நிலவியல் பயிலும் முதுகலை மாணவன். மலை ஏன் சரிகிறது என்பதற்கு எனக்குப் பாடம் உண்டு. சரியும் மலைக்குக் கீழே வடிகால் வெட்டப் பணம் ஏன் வருவதில்லை என்பதற்கு என் வகுப்பில் பாடம் இல்லை. ஆகவே அதனைத் தனியே தேடிப் படிக்கலானேன்.

பணம் வரும் வழி

நம் அரசியல் சட்டத்தின் 280-ஆம் பிரிவு ஒரு நிதிக் குழுவை அமைக்கச் சொல்கிறது. மத்திய அரசின் வரி வருவாயில் மாநிலங்களின் பங்கு எவ்வளவு, மானியம் எவ்வளவு என்று பரிந்துரைப்பது அக்குழுவின் வேலை. 73-ஆம் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்த பிறகு ஊராட்சிகளும் இக்கணக்கில் இடம் பெற்றன. உள்ளாட்சிகளுக்கென்று 13-ஆவது நிதிக் குழு (2010-15) பரிந்துரைத்த தொகை 87,519 கோடி ரூபாய். 14-ஆவது குழு (2015-20) பரிந்துரைத்தது 2,87,436 கோடி. 15-ஆவது குழு (2021-26) பரிந்துரைத்தது 4,36,361 கோடி. தொகை ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. இது முதற் போக்கு.

தொகை ஏற ஏற நிபந்தனையும் ஏறியது. இஃது இரண்டாம் போக்கு. 14-ஆவது குழு ஊராட்சி மானியத்தில் 100-க்கு 90 பங்கை அடிப்படை மானியமாக விட்டது. 15-ஆவது குழுவோ 100-க்கு 60 பங்கைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிவிட்டது. எஞ்சிய 40-இல்தான் பாதை, பாலம், தெருவிளக்கு, தடுப்புச்சுவர் எல்லாம் அடங்க வேண்டும். குடிநீர் வேண்டாமென்று யார் சொல்வார்? ஆனால் மலையூரின் முதல் தேவையும் மணலூரின் முதல் தேவையும் ஒன்றாகுமா?

பேரிடர் நிதி வேறொரு வாய்க்கால். 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் வழியே வருவது அது. நெடுங்காலம் அந்நிதி, ஆபத்து வந்த பின்பு கொடுக்கும் பணமாகவே இருந்தது. 15-ஆவது குழுதான் அதனை இரண்டாகப் பகுத்தது. மாநிலப் பேரிடர் நிதியில் 100-க்கு 80 பங்கு துயர் துடைக்கவும் சீரமைக்கவும். 20 பங்கு துயர் வருமுன் தணிக்க. வருமுன் காக்கும் செலவுக்குத் தனிப் பை தைத்தது நல்ல போக்கு. 2024 நவம்பரில் 15 மாநிலங்களில் நிலச்சரிவைத் தணிக்க 1,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் கிடைத்தது. அதில் கேரளத்துக்கு 72 கோடி. தமிழ்நாட்டுக்கு 50 கோடி.

நான்காம் போக்கு கவலை தருவது. மானியம் இருந்த இடத்தில் கடன் வந்து அமர்கிறது. 2024 ஜூலை 30-ஆம் நாள் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் அழிந்தன. மறுவாழ்வுப் பணிகளுக்காக மத்திய அரசு 2025 பிப்ரவரியில் அளித்த 529.50 கோடி ரூபாய், 50 ஆண்டுகளில் திருப்ப வேண்டிய வட்டியில்லாக் கடன். அதையும் அவ்வாண்டு மார்ச் 31-க்குள் செலவிட வேண்டும் என்பது முதலில் வைத்த கெடு. பின்னரே அது நீட்டிக்கப்பட்டது. 260.56 கோடி ரூபாய் உதவிக்கு ஒப்புதல் கிடைத்தது 2025 அக்டோபரில். அதாவது, மலை சரிந்து பதினான்கு மாதங்களுக்குப் பிறகு.

பணம் நிற்கும் இடம்

இனி, ஊராட்சி வரை வந்த பணம் லயத்து வாசல் வரை வராமல் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம்.

1877-ஆம் ஆண்டில் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்சாறு அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலையை எழுதி வாங்கினார். தமிழ் மாவட்டங்களிலிருந்து நம் மக்கள் அங்கே கொழுந்து பறிக்கச் சென்றனர். 1971-இல் கேரள அரசு ஒரு சட்டம் இயற்றி, தோட்டத்துக்கு வேண்டாத நிலங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது. தேயிலை நிலமும் அதன் நடுவே நிற்கும் லயங்களும் கம்பெனிப் பிடியிலேயே இருந்தன. தொழிலாளிக்கு வீடு தருவது முதலாளியின் கடமை என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் கூறிற்று. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அக்கடமையை முதலாளியிடமே வைத்திருக்கிறது.

நல்ல சட்டந்தானே என்பீர்கள். நல்ல சட்டந்தான். ஆனால் அதற்கொரு நிழல் உண்டு. வீடு முதலாளியின் பொறுப்பு என்றால், வீட்டுக்குப் போகும் பாதையும், பாதையோர வடிகாலும், மேலே நிற்கும் மண்சரிவும் முதலாளியின் பொறுப்பே என்று அரசு அலுவலகம் விலகிக்கொள்கிறது. கேரளத்தில் ஊராட்சிக்குப் பராமரிப்பு நிதி என்று ஒன்று உண்டு. அது ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் ஏறிய சாலைக்கும் கட்டடத்துக்கும் உரியது. பதிவேட்டில் ஏறாத பாதைக்கு அந்நிதி இல்லை. 'லைஃப்' திட்டத்தில் வீடு கட்ட 4 லட்சம் ரூபாய் பெறவும் முதலில் காலடியில் நிலம் வேண்டும். எங்கள் குடும்பத்துக்கு வாக்குரிமை உண்டு, குடும்ப அட்டை உண்டு, பட்டா இல்லை. மூன்று தலைமுறை வாழ்ந்தும் வேலை முடிந்த நாளில் வீடும் முடிந்துவிடும்.

இதன் விலை என்ன? 2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்தது. உறங்கிக்கொண்டிருந்த லயங்கள் மண்ணுக்குள் போயின. மாண்டோர் 70 பேர். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளரும் அவர்தம் குழந்தைகளும். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயிருந்தமையால் மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்குச் செய்தி எட்டியது. மீட்க வந்தவர்களைப் பெரியவரையில் ஆறு மறித்தது. அங்கிருந்த பாலம் 2018 வெள்ளத்தில் சிதைந்திருந்தது. அதற்கு மாற்றாகப் போட்ட தற்காலிகப் பாலமும் அந்த மழையில் போய்விட்டது.

மழை மட்டுமே கொன்றது என்று நிலவியல் சொல்லாது. மண்ணின் துளைகளில் நீர் நிறைய நிறைய அதன் அழுத்தம் கூடுகிறது. மண்துகள்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடி தளர்கிறது. சரிவு தன் எடையைத் தானே தாங்க மாட்டாமல் இறங்குகிறது. நீரை முன்னரே வடித்துவிடும் கால்வாய், மழைமானி, இரவில் ஒலிக்கும் அபாயச் சங்கு, ஓடைத் தடத்தை விட்டு விலகிக் கட்டிய வீடு: இவை யாவும் நூற்றுக்கு இருபது என்ற அந்தத் தணிப்பு நிதியால் ஆகக்கூடியவை. பெட்டிமுடியில் தப்பியோருள் எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியாறு பள்ளத்தாக்கில் பின்னர் வீடு கிடைத்தது. அரசு நிலம் கொடுத்தது; கம்பெனி வீடு கட்டிற்று. நிலம் முதலில், வீடு பிறகு என்னும் வரிசையைக் கவனியுங்கள். அந்த நிலத்தைப் பெற எழுபது உயிர்கள் போக வேண்டியிருந்தது.

கதவு திறந்த இடங்கள்

பூட்டே இல்லாத வீடில்லை. திறக்கவே முடியாத பூட்டும் இல்லை. பாலக்காட்டு எல்லையைப் பாருங்கள். பறம்பிக்குளம் கேரளத்தின் முதலமடை ஊராட்சியைச் சேர்ந்தது. ஆயினும் அங்கே வண்டியில் செல்லத் தமிழ்நாட்டின் சேத்துமடை வழியாகத்தான் சுற்ற வேண்டும். தன் ஊராட்சி அலுவலகத்துக்குப் போக அண்டை மாநிலத்தைக் கடக்கும் குடிமகனை வேறெங்கே காண்போம்? இங்கே தடை கம்பெனியன்று, காடு. 2020 அக்டோபரில் அங்குள்ள தேக்கடிக் குடியிருப்பின் பழங்குடி மக்கள் தாமே மண்வெட்டி எடுத்துச் செம்மணாம்பதிக்குப் பாதை வெட்டத் தொடங்கினர். அவர்கள் பக்கம் சட்டமும் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2)-ஆம் பிரிவு, சாலை, பள்ளி, மருந்தகம் முதலிய 13 வகைப் பொதுவசதிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட வனநிலத்தை, கிராம சபையின் பரிந்துரையின்பேரில் ஒதுக்க இடந்தருகிறது.

கடல் கடந்தும் ஒரு சான்று உண்டு. இலங்கையில் 1987-ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம், தோட்டப் பகுதிகளில் சபையின் பணத்தைச் செலவிட முடியாதபடி தடுத்து வந்தது. அங்கும் 2014 அக்டோபர் 29-இல் மீரியபெத்தைத் தோட்டத்து லயன்கள் மண்ணில் புதைந்தன. அத்தடையை நீக்கும் திருத்தம் 2018-இல் நிறைவேறியது. காட்டுக்குள் திறந்த கதவும், கடலுக்கப்பால் திறந்த கதவும் நம் தோட்டங்களுக்கு ஏன் திறக்கலாகாது?

'கம்பெனி நிலத்தில் பொதுப்பணத்தைக் கொட்டுவதா?' என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். முதலாளியின் கடமையைப் பொதுமக்கள் தலையில் ஏற்றுவது முறையன்று. வீட்டைப் பழுது பார்க்கும் கடமை முதலாளியிடமே இருக்கட்டும். ஆனால் பாதை, பாலம், வடிகால், அபாயச் சங்கு ஆகியவை ஒருவர் உடைமைக்குள் அடங்குபவை அல்ல. அவற்றுக்கு வேண்டிய துண்டு நிலத்தை எழுதி வாங்கி, ஊராட்சிப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால் பணம் வர வழி பிறக்கும். தேவைப்படுவது புதிய மானியம் அன்று. பழைய மானியம் நடந்து வர ஒரு வரப்பு.

நண்பர்களே, நம்மில் பலர் அந்த மலைகளிலிருந்தும் எல்லைப்புற ஊர்களிலிருந்தும் வந்தவர்கள். கேரளத்தில் கிராம சபை மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டும் என்பது விதி. தமிழ் மக்கள் மிகுந்த பகுதிகளில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுத, 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் உரிமை தந்திருக்கிறது. விடுமுறையில் ஊருக்குப் போகும்போது உங்கள் வார்டின் சொத்துப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பாதையின் பெயர் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையெனில் ஒரு மனு எழுதுங்கள். அடுத்த கிராம சபையில் அதைப் படியுங்கள். மழைக்காலம் ஜூனில் தொடங்குகிறது. மனுவை அதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.