கைப்பணம் – 9: வங்கிப் பங்குக்கு முன் வீட்டைப் பாருங்கள்

சென்ற வாரம் ஜிஐசி வைப்புகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு வாசகர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள்: "வைப்புக்குக் கிடைக்கும் வட்டி இறங்கிவிட்டது. அதே வங்கியின் பங்கை வாங்கினால் டிவிடெண்ட் கூடுதலாக வருமே, அப்படிச் செய்தால் என்ன?" ரொறன்ரோவில் நம்மவர்கள் கூடும் கலியாண வீடுகளிலும் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி இல்லை இது.

ஆர்பிசி, ரிடி, ஸ்கோஷியா, பிஎம்ஓ, சிஐபிசி, நஷனல் என்ற ஆறு பெரிய வங்கிகளுக்கும் உரிய பெருமையை முதலில் கொடுத்துவிடுவோம். பிஎம்ஓ 1829 முதல் ஓர் ஆண்டும் தவறாமல் டிவிடெண்ட் கொடுத்துவருகிறது. 1930களின் பெருமந்தத்தில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடப்பட்டபோது கனடாவில் ஒன்றுகூட விழவில்லை. அங்கே ஊருக்கு ஒரு சிறு வங்கி. ஊரில் விளைச்சல் பொய்த்தால் வங்கியும் போயிற்று. இங்கே நாடெங்கும் கிளை பரப்பிய பெரிய வங்கிகள். பிரெய்ரியில் கோதுமை கைவிட்டாலும் மொன்றியல் வியாபாரம் தாங்கிப்பிடித்தது. 2008 நெருக்கடியிலும் ஆறில் ஒன்றுகூட டிவிடெண்டைக் குறைக்கவில்லை. அரசு அப்போது கைகட்டி நிற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். காப்புறுதி செய்யப்பட்ட வீட்டுக்கடன்களைச் சுமார் 69 பில்லியன் டொலருக்கு வங்கிகளிடமிருந்து தன் வீட்டுக்கடன் காப்புறுதி நிறுவனமான சிஎம்எச்சி மூலம் வாங்கி, அவற்றின் கையில் காசு புரள வழிசெய்தது.

ஆகவே 'இந்த வங்கிகள் விழுந்துவிடுமா' என்று நான் கவலைப்படவில்லை. ஆனால் விழாத வங்கியின் பங்கிலும் பணத்தை இழக்கலாம். 2007இல் 70 டொலருக்கு மேல் விற்ற பிஎம்ஓ பங்கு, 2009 பெப்ரவரியில் 25 டொலர் அளவுக்கு இறங்கியது. காலாண்டுக்கு 70 சதம் என்ற டிவிடெண்ட் அப்போதும் தவறாமல் வந்தது. ஆனால் அதன்பின் 2012 வரை அந்த 70 சதம் உயரவே இல்லை. 2009 பெப்ரவரியில் பயப்படாமல் வாங்கியவருக்குப் போட்ட காசில் ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கிடைத்தது. 2007இல் வாங்கி, 2009இல் வேலை போய், வீட்டுச் செலவுக்காக விற்றவருக்கு 1829ஆம் ஆண்டுப் பெருமையால் ஒரு பயனும் இல்லை.

வேலை போகும் காலமும் வங்கிப் பங்கு விழும் காலமும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன. இந்த இடத்தில்தான் நம்மவர்களுடைய நிலை தனியாகிறது. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிரம்ப்டனிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் சொத்து முழுவதும் ஒரு வீட்டில் முடங்கியிருக்கிறது. கனடிய வங்கிகளின் கடன் புத்தகத்தில் பெரும்பங்கும் அதே வீடுகள்தான். ரொறன்ரோவில் வீட்டு விலை சரிந்தால் உங்கள் வீட்டின் மதிப்பும் இறங்கும், வங்கிப் பங்கும் சேர்ந்து இறங்கும்.

இங்கே வீட்டுக்கடனை அடைக்கும் காலம் 25 ஆண்டு என்றாலும் வட்டி பெரும்பாலும் ஐந்து ஆண்டுக்குத்தான் நிலைக்கும், பிறகு புதுப்பிக்கவேண்டும். ஐந்து லட்சம் டொலரை 2 சதவீதத்தில் எடுத்த குடும்பம் மாதம் சுமார் 2,120 டொலர் கட்டியிருக்கும். ஐந்தாம் ஆண்டு முடிவில் மீதி சுமார் 4,19,000. அதை 4.5 சதவீதத்தில் புதுப்பித்தால் தவணை 2,640 ஆகிறது. மாதம் 520 டொலர் கூடுதல். பெரும்பாலோர் எப்பாடுபட்டாவது கட்டிவிடுவார்கள். வீட்டுக்கடனைக் கைவிடும் வழக்கம் இங்கே மிகக் குறைவு. ஆனால் அந்த 520 டொலர் கடையிலிருந்தும் உணவகத்திலிருந்தும் கார் தவணையிலிருந்தும்தான் வரும். அடி முதலில் விழுவது கிரெடிட் கார்டிலும் சிறு வியாபாரக் கடனிலும். வங்கிக்கு அதுவும் கடன்தான்.

இனிச் சொல்லப்போவதை அழுத்தமாகவே சொல்கிறேன். வீட்டின் பெறுமதியை வைத்துக் கடன் எல்லை எடுத்து, அந்தக் காசில் வங்கிப் பங்கு வாங்கும் யோசனை நம்மிடையே புத்திசாலித்தனமாகப் பரப்பப்படுகிறது. "வங்கியின் காசிலேயே வங்கியை வாங்குவது" என்று சொல்லக் கேட்கும்போது மனம் பதறுகிறது. கணக்கைப் பார்ப்போம். 2022 தொடக்கத்தில் பிரைம் என்ற வங்கிகளின் அடிப்படை வட்டி 2.45 சதவீதம். அதற்குமேல் அரைச் சதவீதம் வைத்தால், ஒரு லட்சம் டொலருக்கு மாத வட்டி ஏறக்குறைய 245 டொலர். அப்போது 90 டொலருக்கு ஸ்கோஷியா பங்கு வாங்கியிருந்தால் மாதக் கணக்கில் சுமார் 370 டொலர் டிவிடெண்ட். மாதம் 125 டொலர் சும்மா வருவதுபோல் தோன்றும். 2023 ஜூலையில் பிரைம் 7.2 ஆயிற்று. வட்டி 640 டொலரைத் தாண்டியது. டிவிடெண்ட் 390 டொலரைத்தான் எட்டியது. அந்த ஒக்டோபரில் பங்கு 60 டொலருக்குக் கீழே. ஒரு லட்சம் கடன் அப்படியே நிற்க, வாங்கிய பங்கின் பெறுமதி 67,000கூட இல்லை. முதலீட்டுக் கடனின் வட்டியை வரிக்கணக்கில் கழிக்கலாம் என்பது சரிதான். அதனால் இந்தப் பள்ளம் கொஞ்சம் தூரும், மூடாது. தயவுசெய்து வீட்டை வைத்துப் பங்கு வாங்காதீர்கள்.

அப்படியானால் யார் வாங்கலாம்? வாடகை வீட்டில் இருக்கிற, கையில் ஆறு மாதச் செலவுக்குக் காசு வைத்திருக்கிற, பத்து ஆண்டுக்கு அந்தப் பணத்தைத் தேடாத இளையவர் தாராளமாக வாங்கலாம். வீட்டுக்கடனைப் பெருமளவு அடைத்துவிட்டு, ஓய்வுக்கால வருமானம் தேடுபவரும் அளவோடு வாங்கலாம். முதலில் டிஎஃப்எஸ்ஏ என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் இடமிருக்கிறதா என்று பாருங்கள்; 2025க்கான எல்லை 7,000 டொலர், அதற்குள் வரும் டிவிடெண்டுக்கு வரி கிடையாது. அது நிரம்பியபின் சாதாரணக் கணக்கிலும் கனடிய டிவிடெண்டுக்கு வரிச்சலுகை உண்டு, ஜிஐசி வட்டிக்கு இல்லை. ரொறன்ரோ பங்குச் சந்தையின் குறியீட்டு நிதியில் ஏற்கெனவே பணம் போட்டிருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: அந்தக் குறியீட்டில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நிதித்துறைதான். ஆறு வங்கிகளும் ஏற்கெனவே உங்கள் கணக்கில் இருக்கின்றன.

தனி ஒரு வங்கியை மட்டும் நம்புவதையும் நான் விரும்பமாட்டேன். பணச்சலவையைத் தடுக்கத் தவறிய குற்றத்தை ரிடி 2024 ஒக்டோபரில் அமெரிக்காவில் ஒப்புக்கொண்டு, மூன்று பில்லியன் அமெரிக்க டொலருக்கு மேல் அபராதம் கட்டியது. அதன் அமெரிக்கச் சில்லறை வங்கிப் பிரிவு வளர முடியாதபடி சொத்துக்கு உச்சவரம்பும் போட்டுவிட்டார்கள். எந்த டிவிடெண்ட் வரலாற்றைப் படித்திருந்தாலும் இது தெரிந்திருக்காது. ஆறையும் சம அளவில் வைத்திருக்கும் நிதிகள் சந்தையில் இருக்கின்றன; அவற்றில் ஒன்று போதும்.

வாங்கியவர்கள் தினமும் விலையைப் பார்க்க வேண்டியதில்லை. வங்கிகளின் நிதியாண்டு ஒக்டோபர் 31இல் முடிகிறது. டிசம்பர் தொடக்கத்தில் ஆண்டுக் கணக்கு வெளியாகும், பிறகு பெப்ரவரி, மே, ஓகஸ்ட் கடைசிகளில் காலாண்டுக் கணக்கு. லாபத் தொகையைப் பார்த்து மகிழ்வதற்கு முன், வராக்கடனுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்ற வரியைத் தேடுங்கள். அது சென்ற ஆண்டின் இதே காலாண்டைவிட எவ்வளவு ஏறியிருக்கிறது, ஏறியது கிரெடிட் கார்டிலா, வியாபாரக் கடனிலா, வீட்டுக்கடனிலா என்று பாருங்கள். வீட்டுக்கடன் பக்கம் அந்தத் தொகை தொடர்ந்து ஏறத் தொடங்கினால், உங்கள் தெருவில் விற்பனைப் பலகை எத்தனை நாள் நிற்கிறது என்பதையும் ஒருமுறை பாருங்கள்.

(அடுத்த வாரம்: ஆர்ஆர்எஸ்பியா, டிஎஃப்எஸ்ஏயா?)