பறைக்கு ஆசான், போனுக்கு யார்?

பறை கற்கும் பிள்ளைகளுக்கு டிஜிட்டல் பயிற்சி எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். சாவு வீட்டு மேளம் என்று ஒதுக்கிவைத்த கருவியைக் கல்லூரிப் பெண்களும் தோளில் மாட்டி ஆடுகிறார்கள். வாசிக்க ஆள் வந்துவிட்டது. அதை வைத்துப் பிழைக்கவும் வழி வேண்டுமே!

நிகழ்ச்சி பேச வருகிறவர், "வீடியோ இருந்தா அனுப்பு தம்பி" என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறார். பறையைப் போனில் பிடிப்பது லேசில்லை. தீயில் காய்ச்சிய தோலில் அடிக்குச்சி விழும்போது கிளம்பும் சத்தத்தைப் போனின் மைக் தாங்காது, கரகரவென்று உடையும். உடனே போன் தானாகவே ஒலியைக் குறைக்கும். அந்த நேரம் பார்த்து இடது கைச் சிம்புக்குச்சி போடும் மெல்லிய அடிகள் காணாமல் போய்விடும். நன்றாகத் தள்ளிப்போய், பறையின் முகத்துக்கு நேராக இல்லாமல் சற்று ஒதுங்கி நின்று, ஒலி அளவை நாமே நிறுத்திவைக்கும் செயலியில் பதிந்தால் பெருமளவு சரியாகும். ஆனாலும் எந்த அடி விட்டுப்போனது என்று எடிட்டிங் சொல்லித்தருகிறவருக்குத் தெரியாது. ஆசான் இயர்போனை மாட்டிக் கேட்டால்தான் தெரியும். இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதற்காகத்தான்.

அடுத்தது உரிமை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துகிற கலைஞருக்கும் 50 ஆண்டு உரிமை தருகிறது. அவர் சம்மதமில்லாமல் ஆட்டத்தைப் படம்பிடித்து வியாபாரம் செய்யக் கூடாது. திருவிழாவில் கேமராவோடு வருகிறவரிடம் நீட்ட, ஒரு பக்க ஒப்பந்தத் தாளைப் பிள்ளைகள் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். யூடியூப் சேனலின் கடவுச்சொல்லும் குழுவின் கையிலேயே இருக்கட்டும்.

யூடியூப் பணத்தை உடனே நம்ப வேண்டாம். விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஷார்ட்ஸ் என்றால் 90 நாளில் ஒரு கோடிப் பார்வை. சினிமாப் பாட்டை வாசித்தால் அந்த வருமானமும் பெரும்பாலும் இசை நிறுவனத்துக்கே போகும். ஆரம்ப வருடங்களில் சேனல் நிகழ்ச்சி பிடித்துத் தருவதற்குத்தான். ஊர், தொலைபேசி எண், எத்தனை பேர் வருவார்கள் என்ற விவரம், இவை வீடியோவின் கீழே இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு நாள் முகாம் நடத்திச் சான்றிதழ் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஒரு திருவிழாப் பருவம் முழுக்கக் கூடவே இருக்க வேண்டும்; பேரம் பேசும்போதும், அட்வான்ஸ் வாங்கும்போதும், வீடியோ ஏற்றும்போதும். பயிற்சிக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் கேமராவுக்கும் மண்டபத்துக்கும் தாராளமாகச் செலவழித்துவிட்டு ஆசானுக்குச் சால்வை போர்த்தி அனுப்பிவிடுகிறார்கள். அவருக்கும் நாள் கணக்கில் சம்பளம் எழுதுங்கள், எடிட்டிங் வாத்தியாருக்குத் தருகிற அதே தொகையை.