ஜல்லிக்குத் தப்பிய நீலம்

புனே நகரின் விளிம்பில் இருக்கும் வாகோலி, கல்குவாரிகளுக்குப் பேர்போன ஊர். சாலைக்கும் கட்டடத்துக்கும் ஜல்லி உடைப்பதற்காகத் தோண்டிய அந்தக் குவாரிகள்தான் உலகின் மிகச் சிறந்த கேவன்சைட் படிகங்களைத் தந்தன. வெண்ணிற ஸ்டில்பைட் படிகங்களின் மேல் ஊசிகள் நெருங்கிக் கூடிய உருண்டைகளாக, கண்ணைப் பறிக்கும் நீலத்தில் அது அமர்ந்திருக்கும். கால்சியம், வனேடியம், சிலிகா, நீர் ஆகியவை சேர்ந்த கனிமம் இது. 1967-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் முதலில் கண்டெடுக்கப்பட்டாலும், அதற்குப் புகழ் சேர்த்தது வாகோலிதான்.

சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், வாகோலி அமைந்துள்ள தக்காணத்தில் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவியது. இன்று எஞ்சியிருப்பது மட்டுமே ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டர். குழம்பு இறுகும்போது உள்ளே சிக்கிய வாயுக் குமிழிகள் பொந்துகளாக நின்றன. பின்னர் பாறையூடே கசிந்த வெந்நீர், தான் கரைத்து வந்த பொருள்களை அந்தப் பொந்துகளில் படியவிட்டது. நெருக்க எதுவும் இல்லாத வெற்றிடம் என்பதால் படிகங்கள் தம் இயல்பான வடிவில் வளர்ந்தன. புனேயின் பாஷான் குன்றுகளில் கிடைத்த அப்போபிலைட் என்ற கனிமத்தின் இளம்பச்சைக்கும் காரணம் கேவன்சைட்டில் உள்ள அதே வனேடியம்தான்.

சேகரிப்பவருக்குக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு.

வெடி வைத்துப் பாறை சரிந்த பிறகு, அது ஜல்லி உடைக்கும் கிரஷருக்குப் போவதற்குள் பொந்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதைக் கண்டு வேலையை நிறுத்துவது பெரும்பாலும் குவாரித் தொழிலாளர்கள்தான்; உலக அருங்காட்சியகங்களில் ஒளிரும் தக்காணப் படிகங்களுக்காக முதலில் நன்றி சொல்ல வேண்டியது அவர்களுக்கே. படிகத்தை மட்டும் பெயர்க்காமல், அது ஒட்டியிருக்கும் தாய்ப்பாறையோடு சேர்த்து உளியால் எடுப்பார்கள். கேவன்சைட்டின் கடினம் மோஸ் அளவில் 3 முதல் 4 வரைதான். விரல் அழுந்தினாலே ஊசிகள் முறியும். மேலே படிந்த சுண்ணத்தைக் கரைக்க அமிலம் ஊற்றினால், ஸ்டில்பைட் போன்ற ஜியோலைட் வகைக் கனிமங்களும் சேர்ந்து அரித்துப்போகும்.

அடுத்தது சீட்டு. எந்தக் குவாரி, எந்த ஊர் என்ற குறிப்பு இல்லாத கல், எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆய்வாளருக்குப் பாதிப் பயன்கூடத் தராது.

இந்தச் செல்வத்தை நேரில் பார்க்க விரும்புவோர் நாசிக் அருகே சின்னாரில் உள்ள கார்கோட்டி அருங்காட்சியகத்துக்குப் போகலாம். கேவன்சைட்டைப் பார்ப்பவர்கள் பென்டகோனைட்டையும் தேட வேண்டும். வாகோலியிலேயே கிடைத்த அதுவும் நீலம், அதே வேதிச் சேர்மானம். அணுக்கள் அடுக்கப்பட்ட விதம் மட்டும் வேறு. அதன் படிகங்கள் ஐந்தைந்தாகப் பிணைந்து வளர்வதால், குறுக்குவெட்டு ஐந்துமுனை நட்சத்திரமாகத் தெரியும்.