தடையை மீறிச் சென்ற கூடைப்பந்துக் குழு

வெற்றி பெற்றும் விளையாடப் போக முடியாத குழு ஒன்று இருந்தது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழக ஆடவர் கூடைப்பந்துக் குழுதான் அது.

1959-இல் அக்குழு 25 ஆட்டங்களில் 24-இல் வென்றது. வட்டார வெற்றியாளர் என்ற முறையில் தேசியப் போட்டிக்கும் தகுதி பெற்றது. ஆனால் போகவில்லை. 1961, 1962-ஆம் ஆண்டுகளிலும் இதே கதைதான்.

காரணம் நிறவெறி. கறுப்பின ஆட்டக்காரர்கள் உள்ள குழுவோடு மிசிசிப்பியின் வெள்ளையர் குழுக்கள் மோதக்கூடாது என்பது அங்கு எழுதப்படாத சட்டம். மீறினால் அரசு மானியம் பறிபோகும் என்ற அச்சமும் இருந்தது.

1963-இல் குழு மீண்டும் வட்டாரக் கிண்ணத்தை வென்றது. அம்மாநிலத்தில் பதற்றம் தணியாத நேரம் அது. சில மாதங்களுக்கு முன்புதான், ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவர் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது கலவரம் வெடித்து இருவர் உயிரிழந்திருந்தனர். இருந்தும், மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தின் தலைவர் டீன் கோல்வார்ட், “இம்முறை குழு போகும்” என்று மார்ச் 2-ஆம் தேதி அறிவித்தார்.

எதிர்ப்பாளர்கள் சும்மா இருக்கவில்லை. மார்ச் 13-ஆம் தேதி நீதிமன்றத் தடையாணை வாங்கினர். ஆனால் ஆணை கைக்கு வந்து சேர்ந்தால்தானே தடுக்க முடியும்? கோல்வார்ட் அண்டை மாநிலமான அலபாமாவுக்குப் போய்விட்டார். பயிற்றுநர் பேப் மெக்கார்த்தியும் இரவோடு இரவாக மாநில எல்லையைக் கடந்தார். மறுநாள் காலை, மாற்று ஆட்டக்காரர்கள் சிலரை முதலில் விமான நிலையத்துக்கு அனுப்பி நிலவரம் பார்த்தார்கள். தடுக்க ஆளில்லை என்று தெரிந்ததும் முதன்மை ஆட்டக்காரர்களும் வந்து சேர, விமானம் புறப்பட்டது.

மார்ச் 15-ஆம் தேதி மிச்சிகன் மாநிலத்தின் ஈஸ்ட் லான்சிங் நகரில் ஆட்டம். எதிரணி சிகாகோவின் லொயோலா பல்கலைக்கழகம். அதன் முதல் ஐவரில் நால்வர் கறுப்பினத்தவர். குழுத் தலைவர் ஜெரி ஹார்க்னஸுக்கு ஏற்கெனவே நிறவெறியர்களின் மிரட்டல் கடிதங்கள் வந்திருந்தன. ஆட்டத்துக்கு முன் அவரும் மிசிசிப்பி குழுத் தலைவர் ஜோ டான் கோல்டும் கைகுலுக்கினர். கேமராக்களின் ஒளி அரங்கமெங்கும் மின்னியது.

தொடக்கத்தில் மிசிசிப்பி 7-0 என முன்னேறியது. முடிவில் லொயோலா 61-51 என வென்றது. அடுத்த வாரம் தேசியக் கிண்ணமும் அதன் வசமானது.

தோற்றுத் திரும்பிய குழு எதையும் இழக்கவில்லை. பயந்தபடி வானம் இடிந்து விழவுமில்லை. 1965-இல் ரிச்சர்ட் ஹோம்ஸ், மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தின் முதல் கறுப்பின மாணவராகச் சேர்ந்தார். கலவரம் ஏதும் நிகழவில்லை.

“மாற்றத்தின் ஆட்டம்” என்று இன்று அதை அழைக்கிறார்கள். அன்று கைகுலுக்கிய இருவரும் பிற்காலத்தில் நண்பர்களானார்கள். 2011-இல் கோல்ட் காலமானபோது ஹார்க்னஸ் இறுதிச் சடங்குக்குச் சென்றார். அங்கே சவப்பெட்டியின் அருகே வைக்கப்பட்டிருந்தது, அந்தக் கைகுலுக்கலின் படம்.