பழுதுற்ற ஏடும் படியெடுக்கும் உயிரணுவும்

முன்னுரை

அச்சுப்பொறி வருவதற்கு முன் தமிழ் நூல்கள் பனையோலை ஏடுகளில் வாழ்ந்தன. ஏட்டின் ஆயுளோ குறுகியது. செல்லரிக்கும், ஓரம் முறியும், எழுத்து மங்கும். ஆகவே, தலைமுறைதோறும் ஏடு பெயர்த்தெழுதுவோர் தேவைப்பட்டனர். அவர்தம் கை பிறழ்ந்த இடங்களில் பாடவேறுபாடுகள் தோன்றின என்பதைத் தமிழ் பயில்வோர் நன்கறிவர். மூல ஏடு செவ்வையாக இருக்கும்போது பிழையின்றிப் படியெடுப்பது ஒரு திறன். மூல ஏடே சிதைந்திருக்கும்போது என் செய்வது என்பது அதனினும் கடினமான வினா.

இதே வினா, நம் உடலில் பகுபடும் உயிரணுக்களுக்குள்ளும் நாள்தோறும் எழுகின்றது. அதற்கு உயிரணு காணும் விடை யாது, அவ்விடை எத்துணைத் துல்லியமானது என்பவற்றை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான்கெழுத்து நூல்

உயிரணுவின் உட்கருவில் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை அமைந்துள்ளது. அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்னும் நான்கு வேதிப்பொருள்களே அதன் எழுத்துகள். 1953ஆம் ஆண்டில் வாட்சன், கிரிக் ஆகிய இருவரும் இதன் அமைப்பை வெளியிட்டனர். ரோசாலிண்ட் ஃபிராங்க்ளின், மாரிஸ் வில்கின்ஸ் ஆகியோரின் எக்ஸ் கதிர் ஆய்வுகள் அதற்குத் துணைநின்றன. இரு இழைகள் ஒன்றையொன்று தழுவி முறுக்கேணிபோல் நிற்கின்றன. அடினைனுக்கு எதிரே தைமினும், குவானைனுக்கு எதிரே சைட்டோசினும் அமைவது விதி. ஆகவே, ஓரிழை இருந்தால் போதும்; அதன் துணையிழையை எழுதிக்கொள்ளலாம்.

தாய்வழி ஏறத்தாழ 300 கோடி, தந்தைவழி ஏறத்தாழ 300 கோடி என, மனித உயிரணு ஒன்றில் 600 கோடி எழுத்திணைகள் உள்ளன. உயிரணு இரண்டாகப் பகுபடுமுன் இவ்வளவையும் ஒருமுறை படியெடுத்தாக வேண்டும்.

செவ்விய எழுத்தர்கள்

டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதிக்குப் பாலிமரேஸ் என்று பெயர். இதனை முதன்முதலில் பிரித்தெடுத்துக் காட்டிய ஆர்தர் கோர்ன்பர்க் 1959ஆம் ஆண்டில் செவெரோ ஓசோவாவுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மனித உயிரணுவில் படியெடுப்பின் பெரும்பகுதியைப் பாலிமரேஸ் டெல்ட்டா, பாலிமரேஸ் எப்சிலான் என்னும் இரு நொதிகள் நிறைவேற்றுகின்றன.

இவற்றின் துல்லியம் மூன்று படிகளில் அமைகின்றது. முதலாவது, சரியான எழுத்தைத் தெரிந்தெடுத்தல். இதனளவில் ஏறத்தாழ ஒரு லட்சம் எழுத்துகளுக்கு ஒரு பிழை நேரும். இரண்டாவது, எழுதிய எழுத்து பொருந்தவில்லையெனில் அந்நொதியே பின்னோக்கி வந்து அதனை நீக்கி மீண்டும் எழுதுதல். மூன்றாவது, இவ்விரண்டையும் தப்பிய பிழைகளை வேறு புரதங்கள் தேடிக் கண்டு திருத்துதல். திருக்குர்ஆனை மனனம் செய்யும் மாணவர் ஓதும்போது தாமே உணர்ந்து திருத்திக்கொள்வதையும், அவர் உணராத பிழையை உஸ்தாது எடுத்துக்காட்டுவதையும் இங்கு ஒப்பிட்டுக் காணலாம். மூன்று படிகளும் முடிந்தபின் எஞ்சுவது நூறு கோடி எழுத்துகளுக்கு ஒரு பிழை அல்லது அதனினும் குறைவு. அஃதாவது, 600 கோடி எழுத்துகள் கொண்ட பெருநூலை ஒருமுறை படியெடுத்தால் ஒரு சில பிழைகளே நேரும். எந்த எழுத்தரும் எட்டவியலாத செப்பம் இது!

ஏடு பழுதுறுதல்

ஆயினும், இச்செப்பம் அனைத்தும் மூல ஏடு நலமாக இருக்கும்போதுதான். டி.என்.ஏ. கல்லில் வெட்டிய எழுத்தன்று. உயிரணுவின் நீரில் மிதக்கும் ஒரு வேதிப்பொருள். ஸ்வீடன் நாட்டில் பிறந்த தாமஸ் லிண்டால் அதன் நிலையாமையை அளந்து காட்டினார். எப்புறத் தாக்குதலும் இன்றியே, ஓர் உயிரணுவில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 எழுத்துகள் தாமே உதிர்ந்துபோகின்றன. மூச்சுக்காற்றின் ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் வினைமிகு மூலக்கூறுகள் குவானைனை உருமாற்றுகின்றன. புகையிலைப் புகையின் நச்சுப்பொருள்கள் எழுத்துகளின்மேல் ஒட்டிக்கொள்கின்றன.

இவற்றுள் நன்கு ஆராயப்பெற்றது சூரியனின் புற ஊதாக் கதிர் விளைக்கும் பழுதாகும். ஓரிழையில் இரு தைமின்கள் அடுத்தடுத்து நிற்கும் இடத்தில் இக்கதிர் பட்டால், அவை தம்முள் இறுகப் பிணைந்துவிடுகின்றன. இதனைத் தைமின் இரட்டை எனலாம். ஏட்டில் ஈரெழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படிக்கவியலாமற் போனதற்கு இது நிகரானது.

செப்பனிடும் பணியும் அஸீஸ் சன்ஜாரும்

பழுதுகளுள் பெரும்பாலானவை படியெடுக்குமுன்பே செப்பனிடப்பெறுகின்றன. இத்துறையில் உழைத்தவருள் நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய பெயர் அஸீஸ் சன்ஜார். துருக்கி நாட்டின் தென்கிழக்கே மார்தின் மாநிலத்துச் சாவுர் என்னும் சிற்றூரில் 1946ஆம் ஆண்டு பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் தம் பிள்ளைகளின் கல்வியைப் பெரிதாக மதித்தனர். இஸ்தான்புல்லில் மருத்துவம் கற்றுச் சில காலம் மருத்துவராகப் பணியாற்றிய அவர், பின்னர் அமெரிக்கா சென்று ஆராய்ச்சியில் ஈடுபட்டார். பழுதுற்ற பகுதியின் இருபுறமும் இழையை வெட்டி, அத்துண்டை அகற்றிப் புதிதாக நிரப்பும் முறையை அவர் படிப்படியாக விளக்கினார். 2015ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு சன்ஜார், லிண்டால், பால் மாட்ரிச் ஆகிய மூவருக்கும் வழங்கப்பெற்றது. மாட்ரிச், நாம் மேலே கண்ட மூன்றாம் படித் திருத்தத்தை ஆராய்ந்தவர்.

பழுதுடன் படியெடுக்க நேர்ந்தால்?

செப்பனிடும் புரதங்கள் எவ்வளவு விரைந்தாலும் சில பழுதுகள் எஞ்சிவிடும். படியெடுக்கும் எந்திரம் அங்கு வந்து முட்டிக்கொள்ளும். டெல்ட்டா, எப்சிலான் ஆகிய நொதிகளின் உள்ளிடம் மிகக் குறுகியது. செவ்விய எழுத்து ஒன்றுக்கே அங்கு இடமுண்டு. அவற்றின் துல்லியத்திற்குக் காரணமான அவ்விறுக்கமே, பிணைந்த தைமின்களின் முன் அவற்றைச் செயலிழக்கச் செய்கின்றது. படியெடுப்பு நெடுநேரம் நின்றுபோனால் இழை முறியலாம், உயிரணுவே மடியலாம். இந்நெருக்கடியில் உயிரணுவுக்கு மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, இடைவெளி விட்டு மேற்செல்லுதல். 1968ஆம் ஆண்டில் டீன் ரப், பால் ஹோவர்ட்-ஃபிளாண்டர்ஸ் ஆகியோர் இதனைப் பாக்டீரியத்தில் கண்டனர். பிற்காலத்தில் சன்ஜார் பணியாற்றியது இந்த ரப்பின் ஆய்வகத்தில்தான். சிதைந்த இடத்தில் புள்ளியிட்டு மேலே செல்லும் பதிப்பாசிரியரை இவ்வழி நினைவூட்டுகின்றது. விட்ட இடத்தைப் பின்னர் நிரப்பியாக வேண்டும்.

இரண்டாம் வழி, வேறு பிரதியை ஒப்புநோக்குதல். இரு இழைகளும் ஒருங்கே படியெடுக்கப்படுவதால், சிதைந்த இடத்திற்குரிய செய்தி, அருகே புதிதாக எழுதப்பெற்ற உடன்பிறப்பு இழையில் இருக்கும். அதனைப் பார்த்து எழுதிக்கொண்டால் பிழை நேராது. பல ஊர்களிலிருந்து சுவடிகளைத் திரட்டி ஒப்பிட்ட உ.வே. சாமிநாதையரின் நெறிக்கு இது நெருங்கியது.

மூன்றாம் வழி, சிதைந்த எழுத்தையே படிக்கவல்ல தனி எழுத்தரை அழைத்தல். நம் வியப்புக்கும் ஆய்வுக்கும் பெரிதும் உரியது இவ்வழியே.

பிழைமலிந்த எழுத்தரின் துல்லியம்

ஸீரோடெர்மா பிக்மென்டோசம் என்பது பிறவியிலேயே வரும் ஓர் அரிய நோய். இந்நோயுற்ற குழந்தைகளின் தோல் சூரிய ஒளியைத் தாங்காது. இவர்களுள் 20 வயதுக்குட்பட்டோருக்குத் தோற்புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏனையோரைவிட 10,000 மடங்கு மிகுதி எனக் கணக்கிட்டுள்ளனர். பழுது நீக்கும் ஆற்றல் இவர்களிடம் குன்றியிருப்பதை 1968ஆம் ஆண்டில் ஜேம்ஸ் கிளீவர் கண்டறிந்தார். ஆனால், நோயாளருள் ஒரு பிரிவினரிடம் அவ்வாற்றல் குறையவில்லை. பழுதுற்ற டி.என்.ஏ.வைப் படியெடுப்பதில்தான் அவர்களுக்குக் குறை என்பது 1975ஆம் ஆண்டில் தெரிந்தது. காரணம் யாது என்பது மேலும் 24 ஆண்டுகள் புதிராகவே இருந்தது.

1999ஆம் ஆண்டில் ஜப்பானில் ஃபுமியோ ஹனவோகாவின் குழுவினரும், அமெரிக்காவில் சத்ய பிரகாஷ், லூயிஸ் பிரகாஷ் ஆகியோரின் குழுவினரும் விடை கண்டனர். அந்நோயாளரிடம் பாலிமரேஸ் ஈட்டா என்னும் நொதி குறைபட்டிருந்தது. அந்நொதி தைமின் இரட்டையின் எதிரே தடையின்றி எழுதிச் செல்கின்றது. அதுவும் மிகப் பெரும்பாலும் சரியான எழுத்துகளான இரு அடினைன்களையே எழுதுகின்றது.

இதனிலும் வியப்பானது வேறொன்று. பழுதில்லா ஏட்டைக் கொடுத்தால் ஈட்டா மிக மோசமான எழுத்தர். சில நூறு எழுத்துகளுக்கு ஒன்று, சில சூழல்களில் அதனினும் மிகுதி எனப் பிழை செய்யும். தன் பிழையைத் திரும்பிப் பார்த்து நீக்கும் ஆற்றலும் அதற்கில்லை. அதன் உள்ளிடம் அகன்றது. பிணைந்த இரு தைமின்களையும் ஒருசேர ஏற்று நேராக நிறுத்திக்கொள்ளும் பாங்கை 2010ஆம் ஆண்டில் வெளியான படிக ஆய்வுகள் தெளிவாகக் காட்டின. நல்ல ஏட்டில் பிழைகளுக்கு வழிவிடும் அதே அகற்சிதான், சிதைந்த ஏட்டில் சரியான எழுத்துக்கு இடமளிக்கின்றது.

ஈட்டா இல்லாதபோது படியெடுப்பு முற்றிலும் நின்றுவிடுவதில்லை. அவ்வேலைக்குப் பொருந்தாத பிற நொதிகள் அதனைச் செய்கின்றன. அவை தவறான எழுத்துகளை இடுகின்றன. அப்பிழைகள் சேர்ந்து புற்றாகின்றன. ஆக, பிழைமலிந்தது எனப் பெயர் பெற்ற ஒரு நொதியே நம்மைத் தோற்புற்றிலிருந்து காத்துநிற்கின்றது! ஓர் எழுத்தரின் துல்லியத்தை அவர் எழுதும் இடத்தை விட்டுத் தனியே மதிப்பிட முடியாது என்பதே இதன் பாடம்.

சலுகையும் வரம்பும்

எனினும், இத்தகைய நொதியைக் கட்டின்றி உலவவிட்டால் நல்ல ஏடும் கெடும். ஆகவே உயிரணு அதற்கு வரம்பிட்டுள்ளது. படியெடுக்கும் நொதிகளை இழையோடு பிணைத்துவைக்கும் வளையம்போன்ற புரதம் ஒன்றுண்டு. படியெடுப்பு தடைப்படும்போது, அவ்வளையத்தில் யுபிகுவிட்டின் என்னும் சிறு புரதம் அடையாளமாகப் பொருத்தப்படுகின்றது. ஓர் அடையாளம் இருப்பின் ஈட்டா போன்ற எழுத்தர்க்கு அழைப்பு. அடையாளங்கள் சங்கிலியாக நீளின் உடன்பிறப்பு இழையை ஒப்புநோக்கும் வழிக்கு அழைப்பு. ஜெர்மனியில் ஸ்டெஃபான் யென்ச்சின் குழுவினர் 2002ஆம் ஆண்டில் ஈஸ்ட் உயிரணுவில் இம்முறைக்கு அடித்தளமான உண்மையைக் கண்டனர். வந்த எழுத்தர் தடையைக் கடந்து சில எழுத்துகளே எழுதிவிட்டு விலக, செவ்விய எழுத்தர் மீண்டும் பணியேற்கின்றார்.

தண்ணீர் கிடைக்காத இடத்தில் தயம்மும் செய்ய மார்க்கம் இடந்தருகின்றது. தண்ணீர் கிடைத்ததும் அச்சலுகை முடிந்துவிடுகின்றது. தேவை சலுகையைத் தருகின்றது. தேவையின் அளவே அதன் எல்லையும் ஆகின்றது. உயிரணுவின் இவ்வொழுங்கைக் காணும்போது அந்நெறி நம் நினைவுக்கு வருவது இயல்பே.

இந்த எழுத்தரின் பிழைசெய்யும் இயல்பையும் உடல் வீணாக்குவதில்லை. நோய் எதிர்ப்பணுக்கள் தம் எதிர்ப்பொருளுக்குரிய மரபணுவில் வேண்டுமென்றே மாற்றங்களை விளைவித்து, கிருமியை மேலும் இறுகப் பற்றும் வடிவத்தைத் தேடுகின்றன. அம்மாற்றங்களுள் ஒரு பகுதியை உண்டாக்குவது ஈட்டாவே. மறுபுறம், சிஸ்பிளாட்டின் என்னும் புற்றுநோய் மருந்து டி.என்.ஏ.வைப் பழுதாக்கிப் புற்றணுவைக் கொல்ல முனையும்போது, இதே நொதி அப்பழுதையும் கடந்து எழுதி மருந்தின் வலிமையைக் குறைத்துவிடுகின்றது. இதன் உறவு நொதிகளுள் ஒன்றான பாலிமரேஸ் ஸீட்டாவின் மரபணுவை நீக்கிய எலிகள் கருவிலேயே மடிகின்றன என 2000ஆம் ஆண்டில் ஆய்வுகள் காட்டின. பழுதைக் கடந்து எழுதும் ஆற்றல் உயிருக்கு எத்துணை இன்றியமையாதது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நம் இல்லங்களுக்கு ஒரு செய்தி

இவ்வறிவு ஆய்வகத்தோடு நின்றுவிடுவதன்று. மேற்கண்ட நோய், தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்துசேரும்போதே தோன்றும். ஒரு குறைமரபணுவை மட்டும் உடையவர் நலமாகவே இருப்பார். அத்தகைய இருவர் மணந்துகொண்டால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. நெருங்கிய உறவினர் ஒரே குறைமரபணுவைப் பகிர்ந்திருக்கும் வாய்ப்பு மிகுதி. உறவுக்குள் மணமுடிக்கும் வழக்கமோ தென்னகத்தில் சமய வேறுபாடின்றிப் பரவியுள்ளது. மாமன் மகள், அத்தை மகன் திருமணத்தை இஸ்லாம் விலக்கவில்லை, கட்டாயமாக்கவும் இல்லை. குடும்பத்தில் இத்தகைய பிறவி நோய் முன்பே கண்டிருப்பின், திருமணப் பேச்சுக்கு முன் மரபியல் மருத்துவரின் அறிவுரையைப் பெறுவது பெரியோர் கடமையாகும்.

இரண்டு வயதுக்குள் குழந்தையின் முகத்திலும் கைகளிலும் வெயில்படும் இடங்களில் கரும்புள்ளிகள் பெருகினாலும், சிறு வெயிலிலேயே தோல் கன்றிப்போனாலும், கண்ணேறு என்று காலந்தாழ்த்தாமல் தோல் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். இந்நோயை முற்றிலும் நீக்கும் மருத்துவம் இல்லை. ஆனால், ஆடையாலும் கண்ணாடியாலும் வெயிலை மறைத்து, தோலில் தோன்றும் மாற்றங்களை உடனுக்குடன் கவனித்து வந்தால் குழந்தையின் வாழ்நாளை நீட்டிக்க இயலும்.

முடிவுரை

நலமான ஏட்டை நூறு கோடிக்கு ஒரு பிழை என்னும் அளவில் படியெடுக்கும் உயிரணு, பழுதுற்ற இடத்தில் வேறு எழுத்தரை நியமிக்கின்றது. உரிய எழுத்தர் உரிய பழுதின்முன் வரும்போது அங்கும் பெரும்பாலும் சரியான எழுத்தே அமைகின்றது. அவர் இல்லாதபோதும், வரம்பு மீறும்போதும் கேடு விளைகின்றது. இவ்வரிய ஒழுங்கை அமைத்த இறைவனின் ஆற்றலை வியப்பதோடு, அதனை ஆராய்ந்து அறிவதும் நம் கடமை. சாவுர் என்னும் சிற்றூரில், எழுத்தறியாப் பெற்றோரின் இல்லத்தில் பிறந்த ஒருவரால் உயிர் நூலின் பழுதுகளை ஆராய முடிந்ததெனில், நம் கல்லூரி மாணவ மாணவியராலும் அது முடியும். அறிவியலைத் தமிழில் கற்பதும் சொல்வதும் அதற்கு முதற்படியாகட்டும்.