கல்லூரி லேபுக்கு லைசென்ஸ் கட்டணம் எதற்கு?

நாங்குநேரிப் பள்ளியில் பிளஸ் ஒன் கணினிப் பயன்பாடுகள் எடுக்கும் பிள்ளை, ஓப்பன் ஆபீஸில் கடிதம் அடிக்கவும் கணக்குப் போடவும் அப்போதே பழகிவிடுகிறது. 2018-இல் வந்த தமிழ்நாட்டுப் பாடநூலில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே உபுண்டு லினக்ஸும் இருக்கிறது. பிளஸ் டூ கணினி அறிவியலில் பைத்தான். உபுண்டு, ஓப்பன் ஆபீஸ், பைத்தான் மூன்றும் கட்டற்ற மென்பொருள்கள்; லைசென்ஸ் கட்டணம் கிடையாது. இந்தப் பிள்ளைகள் கல்லூரிக்கு வரும்போது, கல்லூரி அங்கிருந்தே தொடரலாம்.

கட்டற்ற மென்பொருள் என்றால் அதன் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும். எத்தனை கணினியில் வேண்டுமானாலும் நிறுவலாம், தேவைக்கேற்ப மாற்றலாம், மாணவர் வீட்டுக்கும் எடுத்துப் போகலாம். இந்தக் கடைசி வசதிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. லேபில் மட்டுமே கிடைக்கும் மென்பொருளை வீட்டில் பழக முடியாத பிள்ளை, திருட்டுப் பிரதியைத்தான் தேடிப் போகும்.

இது புதிய யோசனை அல்ல. 2007 வாக்கில் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தலைமையில் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் சூசி லினக்ஸுக்கு மாறியது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதே காலத்தது. கேரளத்துப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளால் ரூ.300 கோடி மிச்சம் பிடித்ததாக 2017-இல் அறிவித்தன. நம் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் சேரும் சோத்கங்காவே டிஸ்பேஸ் என்ற கட்டற்ற மென்பொருளில்தான் ஓடுகிறது.

மிச்சம் லைசென்ஸில் மட்டுமல்ல, கணினியிலும் உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. நன்றாக ஓடும் நாற்பது கணினிகளைத் தூக்கிப் போடுவதற்குப் பதில், அவற்றில் லினக்ஸ் ஏற்றினால் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

மாறும்போது கல்லூரி அலுவலகம் இடறுவது பெரும்பாலும் தமிழ் எழுத்துருவில்தான். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த வினாத்தாளை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், 'தமிழ்' என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். உடனே "லினக்ஸில் தமிழ் வராது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். அது தவறு. அந்த எழுத்துரு இல்லாவிட்டால் விண்டோஸிலும் இதே கதிதான். ஒருங்குறியில் (யூனிகோடில்) அடித்தால் எங்கே திறந்தாலும் தமிழ் தமிழாகவே இருக்கும். தமிழ்நாடு அரசு 2010-லேயே ஒருங்குறியை ஏற்றுவிட்டது. ஆகவே முதல் வேலை, பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றி, அலுவலக ஊழியர்களைத் தமிழ்99 விசைப்பலகையில் பழக்குவது. அதைச் செய்யாமல் லினக்ஸை ஏற்றினால் ஒரே வாரத்தில் எல்லோரும் பழையதற்கே திரும்பிவிடுவார்கள்.

அடுத்து நூலகம். நூல் வழங்கலையும் பட்டியலையும் கோஹா என்ற கட்டற்ற மென்பொருள் பார்த்துக்கொள்ளும். நியூசிலாந்தின் ஒரு சிறு நூலகத்துக்காக 1999-இல் எழுதப்பட்டது அது. மாவோரி மொழியில் அந்தப் பெயருக்கு 'அன்பளிப்பு' என்று பொருள். புள்ளியியலுக்கு ஆர் (R), மேட்லாப் கணக்குகளுக்கு ஆக்டேவ் அல்லது சைலாப், வரைபடத்துக்குக் கியூஜிஐஎஸ். வணிகவியல் பிள்ளைகளுக்கு மட்டும் டாலி கணக்கு மென்பொருள் இருக்கட்டும். வேலைக்குப் போகும் இடத்தில் அதைத்தான் கேட்கிறார்கள்.

மிச்சமாகும் பணம் முழுவதும் கையில் நிற்காது. பழுது பார்க்கத் தெரிந்த ஒருவருக்குச் சம்பளம் வேண்டும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் தமிழிலேயே கிடைக்கின்றன. 2012-இல் தொடங்கிய கணியம் மின்னிதழிலும் தமிழில் படிக்க நிறைய இருக்கிறது.

கல்லூரி நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த லைசென்ஸ் புதுப்பிப்பில் கையெழுத்துப் போடும் முன், ஒரே ஒரு லேபை ஒரு செமஸ்டருக்கு லினக்ஸில் நடத்திப் பாருங்கள். உங்கள் முதலாண்டு மாணவர்களுக்கு அதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும்.